வீடு கைவிட்டுப் போன பிறகு கற்றுக்கொண்டவை

வீட்டுக்கடன் ஓடிக்கொண்டிருக்கும்போதே கணவரைப் பறிகொடுக்கும் பெண்ணுக்கு என்னென்ன வரிசையாக வந்து நிற்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆறுதல் சொன்னார்கள், வசனம் வாசித்தார்கள், கையைப் பிடித்து ஜெபித்தார்கள். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் எந்தக் காகிதத்தை முதலில் வாங்க வேண்டும், எந்த சிம் கார்டை அணைய விடக் கூடாது, மைனர் பிள்ளைக்குச் சொத்தில் பங்கு இருந்தால் விற்பனை எப்படி முடங்கும் என்பதையெல்லாம் ஒவ்வொரு அலுவலகத்து வராந்தாவிலும் தனியாக உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். அதே மாதங்களில் இன்னொன்றும் எனக்குப் புரிந்தது. கர்த்தர் என்னோடு இருக்கிறாரா என்பதை என்னிடம் இருக்கும் பொருளை வைத்து அளக்க வேண்டியதில்லை. காகிதக் கதையையும் விசுவாசக் கதையையும் பிரித்து எழுத எனக்கு வராது. இரண்டும் ஒன்றாகத்தான் நடந்தன.

நாங்கள் பாளையங்கோட்டைக்காரர்கள். என் வீட்டுக்காரர் கத்தாரில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் சூப்பர்வைசராக இருந்தார். நான் இங்கே ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆசிரியை, சம்பளம் 16,000 ரூபாய். 2018-இல் கேடிசி நகர் பக்கம் எங்களுக்கு இருந்த மனையில் வீடு கட்டினோம். மனை இருவர் பெயரிலும் இருந்ததால் வங்கிக் கடனிலும் இருவரும் கையெழுத்துப் போட்டோம். 30 லட்சம், 15 வருடம், மாதத் தவணை முப்பதாயிரத்துச் சொச்சம். அவருடைய சம்பளத்துக்கு அது பாரமாகத் தெரியவில்லை. பிரதிஷ்டை அன்று சேகர குருவானவர் வந்து ஜெபித்தார். வாசல் நிலைக்கு மேலே 'இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்' என்று கறுப்பு கிரானைட்டில் பொன் எழுத்தில் பதித்திருந்தோம். அடுத்த ஞாயிறு ஆராதனையில் நான் எழுந்து சாட்சி சொன்னேன். எங்கள் பக்கத்தில் சாட்சி என்றால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். வீடு கிடைத்தது, விசா கிடைத்தது, மகளுக்கு சீட் கிடைத்தது. கிடைத்ததற்கு நன்றி சொல்வது நல்லதுதான். ஆனால் வருடக்கணக்கில் இதை மட்டுமே கேட்டுக் கேட்டு, கிடைத்தால்தான் தேவன் கூட இருக்கிறார் என்று ஒரு கணக்கு நம் மனதில் தானாக உட்கார்ந்துவிடுகிறது. கிடைத்தது கைவிட்டுப் போகும்போது அந்தக் கணக்கே நம்மைக் கொல்லும்.

2022 ஜூலையில் விடுமுறைக்கு வந்திருந்தவர் ஒரு விடியற்காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றார். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பேசிக்கொண்டுதான் வந்தார். அப்போது அவருக்கு 47 வயது. மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், மகன் ஒன்பதாம் வகுப்பு. அடக்க ஆராதனை முடிந்து, போட்ட பந்தலுக்குக் காசு கொடுப்பதற்குள் தவணைத் தேதி வந்துவிட்டது. அவர் கணக்கிலிருந்து தானாகப் போகும் பணம் போகவில்லை என்று என் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. அதைப் படித்ததும் எனக்கு பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக வந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். கணவரை இழந்ததற்கு ஊர் நம்மோடு சேர்ந்து அழுகிறது, கடன் இருக்கிறது என்று சொல்லத்தான் நாக்கு எழவில்லை. இந்தக் கூச்சம்தான் பல பெண்களைத் தனியாக உட்கார வைக்கிறது.

அவருடைய போனை நான் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன், பார்க்கத் தாங்கவில்லை. ரீசார்ஜ் தீர்ந்து சில மாதங்களில் அந்த எண்ணே செயலிழந்துபோனது. வீட்டின் மரவேலைக்குப் பணம் போதாதபோது, கல்யாணத்துக்கு என் அம்மா போட்ட நகையில் 12 பவுனை அவர் பெயரில் ஒரு தனியார் நிறுவனத்தில் அடகு வைத்து, வருடா வருடம் வட்டி கட்டிப் புதுப்பித்துவந்தோம். வட்டி கட்டச் சொல்லி வந்த செய்திகள் எல்லாம் அந்த எண்ணுக்குப் போயிருக்கின்றன. ஏல அறிவிப்புத் தபால் நாங்கள் முன்பு குடியிருந்த முகவரிக்குப் போயிருக்கிறது. நான் அடகுச் சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு போய் நின்றபோது, "ஏலம் முடிஞ்சிருச்சி மேடம்" என்றார் கவுண்டரில் இருந்த பையன். அன்று நான் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அதில் இருந்த நெல்லிக்காய் மணிச் சங்கிலியை என் மகளுக்கு என்று நினைத்து வைத்திருந்தேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்கிறேன். இறந்தவருடைய சிம் கார்டை ஒரு வருடமாவது ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். அழைப்பு, குறுஞ்செய்தி, ஓடிபி எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும். பார்க்க முடியவில்லை என்றால் பிள்ளைகளில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். நகை ஏலம் போய்விட்டால் எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்குத் திரும்பி வராதீர்கள். அசல், வட்டி, ஏலச் செலவு போக மீதிப் பணத்தைக் கடன் வாங்கியவருக்கோ வாரிசுக்கோ திருப்பித் தர வேண்டும். கணக்கை எழுத்தில் கேளுங்கள். நான் கேட்டேன். ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் திரும்பக் கிடைத்தது. கேட்காமல் இருந்திருந்தால் அதுவும் தானாக வீடு தேடி வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த அடிக்குப் பிறகு அவருடைய எல்லா வங்கிக் கணக்குகளுக்கும் ஒரு வருடத்து அறிக்கையை வாங்கி, வெளியே போன ஒவ்வொரு தொகையையும் பென்சிலால் சுழித்து, இது எதற்கு என்று தேடினேன். இதைச் செய்ய வேண்டியது முதல் மாதத்திலேயே. கிரெடிட் கார்டு பாக்கி ஒன்று அப்போதுதான் தெரிந்தது. நல்லதும் தெரிந்தது. சேமிப்புக் கணக்கில் 436 ரூபாய் ஒரு பற்று இருந்தது. பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. வருடத்துக்கு 436 ரூபாய் பிடித்துக்கொண்டு, எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் தருகிற திட்டம். எப்போதோ வங்கியில் படிவம் நீட்டியபோது கையெழுத்துப் போட்டிருப்பார் போல. தாமதமாகக் கேட்டதால் அலைச்சல் அதிகம், ஆனாலும் பணம் வந்தது. மகளின் அந்த வருடக் கல்லூரிக் கட்டணம் அதில்தான் போனது.

கிரெடிட் கார்டு பாக்கிக்காக ஒரு ஏஜென்ட் கூப்பிட ஆரம்பித்தார். காலையில் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புகிற நேரத்தில், இரவு ஜெபம் முடிக்கும் நேரத்தில். "நீங்கதான கட்டணும், உங்க புருஷன் வாங்கினதுதான" என்பார். பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு வக்கீல் அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது, என் வீட்டுக்காரர் பெயரில் மட்டும் இருக்கிற கடனுக்கு அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் பொறுப்பு, என் சம்பளத்தில் எடுத்துக் கட்ட வேண்டும் என்று என்னை நெருக்க முடியாது. வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லியிருக்கிறது. இதைச் சொன்ன பிறகு அந்த போன்கள் நின்றன. வீட்டுக்கடன் அப்படி இல்லை. நானும் கையெழுத்துப் போட்டவள், முழுக் கடனும் என்னுடையதுதான்.

வங்கிக்குப் போக எனக்கு நடுக்கமாக இருந்தது. தள்ளிப் போடுவதால் ஒன்றும் குறையாது என்பதால் போனேன். 90 நாள் தவணை நின்றால் வாராக்கடன் என்று எழுதிவிடுவார்கள். அதற்குப் பிறகு 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் வரும், அப்புறம் வீட்டையே எடுக்கலாம். அந்த 90 நாளுக்குள் இறப்புச் சான்றிதழோடு போய் மேலாளரிடம் நிலைமையைச் சொல்லி, அதை எழுத்திலும் கொடுத்து, முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். என் கடனுக்குக் காப்பீடு இல்லை. கடன் வாங்கும்போது கேட்டிருக்கிறார்கள். ஒரே தவணையாகப் பெரிய பிரீமியம், அதையும் கடனோடு சேர்ப்பார்கள் என்பதால் அவர் வேண்டாம் என்றிருக்கிறார். அது கட்டாயமும் கிடையாது. ஆனால் கடன் தொகைக்கு ஈடாகத் தனியாக ஒரு டெர்ம் பாலிசி (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தருகிற ஆயுள் காப்பீடு) எடுத்துவைத்தால் இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. இன்று கணவரும் மனைவியும் நன்றாக இருக்கிற வீடுகளில் இதைப் பேசுங்கள். சாவைப் பற்றிப் பேசுவது விசுவாசக் குறைவு என்று எங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள். உன் வீட்டுக் காரியத்தை ஒழுங்குபடுத்து என்று எசேக்கியா ராஜாவுக்கு ஏசாயா சொன்னது வேதத்தில்தான் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்ததில் வீட்டை விற்பதைத் தவிர வழியில்லை. கடன் இன்னும் ஏறக்குறைய 25 லட்சம் நின்றது. விற்கத் துணிந்த பிறகுதான் பெரிய தடை வந்தது. கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான். உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. வீட்டில் அவருடைய பாதியில் என் மகனுக்குப் பங்கு இருக்கிறது, அவன் மைனர். பெற்ற தாயாக இருந்தாலும் மைனர் பிள்ளையின் பங்கை நானாகக் கையெழுத்துப் போட்டு விற்க முடியாது. மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு, என்னைக் கார்டியனாக நியமிக்கச் சொல்லி, விற்க அனுமதியும் வாங்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் அட்வான்ஸ் கொடுக்க வந்த முதல் ஆள், வக்கீலைக் கேட்டுவிட்டுப் பின்வாங்கிவிட்டார். வாரிசுச் சான்றிதழ் தாசில்தார் அலுவலகத்தில் கிடைக்கவே சில மாதம் ஆனது. கோர்ட் உத்தரவு வர அதற்கு மேல் ஏறக்குறைய ஒரு வருடம். அந்த ஒரு வருடத்தில் வட்டியாக மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல் போயிற்று. கத்தார் கம்பெனியில் இருந்து வந்த சேவைப் பணம் தவணையிலேயே கரைந்தது. மைனர் பிள்ளை இருக்கிற வீட்டில் உயில் எழுதுவதோ, எழுதாமல் போய்விட்டால் முதல் மாதத்திலேயே இந்த மனுவைத் தொடங்குவதோ, எவ்வளவு பணத்தை மிச்சப்படுத்தும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கோர்ட்டில் காத்திருந்த காலத்தில் அந்த வீட்டை 13,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டுவிட்டு, முருகன்குறிச்சி பக்கம் 5,000 ரூபாய் வாடகையில் ஒரு சின்ன வீட்டுக்கு மாறினோம். காரை விற்றோம். சோபா அந்த வாசலில் நுழையவே இல்லை, அதையும் விற்றோம். சாமான் ஏற்றிய அன்று சாயங்காலம், கேடிசி நகர் வீட்டின் காலியான அடுக்களையில் நின்று வாய்விட்டு அழுதேன். மாடுலர் கிச்சனின் இழுப்பறைகளைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே அழுதேன். என் மாமியார் எங்களோடுதான் இருக்கிறார்கள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏம்மா, நீ எம் புள்ளைக்கு அழுதியா, இல்ல இந்தப் பலகைக்கு அழுதியா?" என்று கேட்டார்கள். குத்திக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்கள். "தெரியல அத்தை" என்றேன். அதுதான் உண்மை. அவர் இல்லாததும் வீடு போவதும் எனக்குள் ஒரே துக்கமாக ஒட்டிப்போயிருந்தன. "அவனுக்கு அழு. எவ்வளவு வேணும்னாலும் அழு. இதுக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, தன் டிரங்குப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்குப் போனார்கள். அந்தப் பெட்டியில் அவர்களுக்கு ஏழெட்டுப் புடவையும் ஒரு வேதாகமமும் பாமாலைப் புத்தகமும் மட்டும்தான். சட்டப்படி அவர்களுக்கு மகன் சொத்தில் பங்கு கிடையாது என்று தெரிந்தபோதுகூட அவர்கள் முகம் மாறவில்லை.

அந்த நாட்களில் நான் ஜெபித்தது கொஞ்சம், சண்டை போட்டதுதான் அதிகம். ஏன் கொடுத்தீர், ஏன் எடுத்தீர், சாட்சி சொன்ன வாயை ஏன் அடைத்தீர் என்று கேட்பேன். கோயிலுக்குப் போனால் முன்வரிசையில் இருந்தவள் தூண் மறைவில் போய் உட்காருவேன். இரக்கப்படுகிறவர்களைத் தாங்கிக்கொள்ள முடிந்தது. 'ஏதோ ஒரு காரியத்தில் தேவனுக்குப் பிரியமில்லாமல் நடந்திருப்பார்கள்' என்று காதுபடப் பேசியதைத் தாங்க முடியவில்லை. ஒரு வீட்டு ஜெபத்தில் வெளியூரில் இருந்து வந்த நற்செய்தி ஊழியர் ஒருவர் என் தலையில் கை வைத்து, வீட்டில் ஒரு தடை இருக்கிறது, கையில் இருக்கிற நல்ல நகை ஒன்றைக் காணிக்கையாக விதைத்தால் கடன் முழுவதும் ரத்தாகும் என்றார். அப்போது என் கையில் இருந்தது இரண்டு வளையல். நான் கொடுக்கவில்லை. விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்காக நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்களைப் பற்றி இயேசு எச்சரித்தது அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது என் பாக்கியம். துக்கத்தில் இருக்கிற பெண்களே, பணத்தையும் வாக்குத்தத்தத்தையும் ஒன்றாக முடிச்சுப் போடுகிற யாரிடமும் உங்கள் கழுத்தையும் கையையும் காட்டாதீர்கள். உங்கள் சபைப் போதகரிடமும் மூத்த பெண்களிடமும் சொல்லுங்கள்.

அதே வாரத்தில் மகனுக்கு வேதபாடத் தேர்வுக்காக எலிசா அதிகாரத்தைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் இறந்துபோக, அவருடைய மனைவி எலிசா தீர்க்கதரிசியிடம், கடன் கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்துவிட்டான் என்று கதறுகிற இடம். எத்தனையோ முறை பிரசங்கத்தில் கேட்டதுதான். எண்ணெய் பெருகிய அற்புதத்தோடு எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். அன்றுதான் அதற்கு அடுத்த வரி கண்ணில் பட்டது. நீ போய் அந்த எண்ணெயை விற்று, உன் கடனைத் தீர்த்து, மீந்ததைக்கொண்டு நீயும் உன் பிள்ளைகளும் ஜீவனம் பண்ணுங்கள் என்கிறான் எலிசா. கடன் மாயமாகவில்லை. அவள் விற்றாள், தீர்த்தாள், மீந்ததில் பிழைத்தாள். வீட்டை விற்பது தேவன் என்னைக் கைவிட்டதற்கு அடையாளம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அதுவே அவர் வழி நடத்துகிற விதமாக இருக்கலாம் என்று அந்த வரி சொன்னது. மறுநாள் காலையில் கோர்ட்டுக்குப் போகும்போது என் நடை மாறியிருந்ததை நானே உணர்ந்தேன்.

பவுல் எழுதிய பிலிப்பியர் நிருபத்தை, ஈஸ்டருக்கு முந்தைய அந்த லெந்து காலத்தில் மெதுவாக, தினம் சில வசனம் என்று வாசித்தோம். 'என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு' என்ற வசனம் எங்கள் பழைய வீட்டுக் கூடத்தில் காலண்டராகத் தொங்கியது. பரீட்சைக்கும் விசாவுக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டு போவோம். அதற்கு முந்தின வசனங்களோடு சேர்த்து வாசித்தால் வேறு காட்சி தெரிகிறது. காவலில் இருக்கிற பவுல், தாழ்ந்திருக்கவும் வாழ்ந்திருக்கவும், திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் எனக்குத் தெரியும் என்று எழுதிவிட்டு அதைச் சொல்கிறார். குறைவிலும் நிலைகுலையாமல் இருக்கக் கிடைக்கிற பெலன் அது. நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன் என்கிறார். அவருக்கே அது கற்றுக்கொள்ள வேண்டியதாக இருந்தது என்பது எனக்குப் பெரிய ஆறுதல். பிறவியிலேயே ஆசையில்லாதவர்களுக்கு மட்டும் உரிய குணம் என்றால் எனக்கு அதில் பங்கே இல்லை. அப்போஸ்தலர் நடபடிகளின் கடைசி அதிகாரத்தில் ரோமாபுரியில் அவர் இரண்டு வருடம் வாடகை வீட்டில் இருந்தார் என்றும், தன்னிடம் வந்த யாவரையும் ஏற்றுக்கொண்டார் என்றும் இருக்கிறது. அதைக் கேட்டதும் என் மகன், "அம்மா, பவுலும் வாடகை வீடுதானா" என்றான். புது வீட்டுக்கு மாறியதிலிருந்து நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிடாமல் இருந்தவன், அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

பவுலிடம் இன்னொன்றையும் கற்றேன். போதும் என்று இருந்தவர்தான், பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் கொடுத்தனுப்பியதை வாங்கிக்கொண்டார், நன்றி சொல்லி எழுதினார். போதுமென்ற மனது என்றால் யார் கொடுத்தாலும் வேண்டாம் என்று மறுப்பது என நான் வைராக்கியமாக இருந்தேன். பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார் ஒரு மூட்டை அரிசியோடு வந்தபோது திருப்பி அனுப்ப வாய் திறந்தேன். அத்தைதான் வாங்கி உள்ளே வைத்தார்கள். அந்த அக்காமார் சமைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து வைத்துச் சேர்த்ததும் அதில் இருந்தது. எங்கள் சபைகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற பழக்கம் அது. நானும் எத்தனையோ வருடம் அந்தக் கைப்பிடியைப் போட்டிருக்கிறேன். சபை என்பது அந்த அரிசி என் வீட்டுக்கும் வருகிற இடம் என்று அதைச் சோறாக்கிச் சாப்பிட்டபோது தெரிந்தது.

2024 தொடக்கத்தில் வீடு 58 லட்சத்துக்குப் போனது. 65 வரை போகும் என்று சொன்னவர்கள் உண்டு, காத்திருக்க எனக்குத் தெம்பு இல்லை. மாறும் வட்டியில் இருக்கிற தனிநபர் வீட்டுக்கடனை முன்கூட்டியே முடித்தால் அபராதக் கட்டணம் வாங்கக் கூடாது, எனக்கும் வாங்கவில்லை. கடன் முடிந்ததும் 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் என்று 2023 டிசம்பரில் இருந்து விதி இருக்கிறது. பத்திரம் கைக்கு வந்தால் மட்டும் போதாது, சார்பதிவாளர் அலுவலகத்தில் கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தைப் பதிந்து, வில்லங்கச் சான்றிதழில் அது ஏறியதா என்றும் பார்த்துவிடுங்கள். மகனின் பங்கைக் கோர்ட் சொன்னபடி அவன் பெயரில் தேசிய வங்கியில் போட்டேன். மற்றக் கடன்கள், மகளின் படிப்பு போக என் பெயரில் ஒரு வைப்புத்தொகை நிற்கிறது. இன்னொரு வீடு வாங்கலாமே என்கிறார்கள். அதற்குத் திரும்பவும் கடன் வேண்டும். வேண்டாம் என்று நான் சொல்வது பயத்தால் அல்ல, மாதம் பிறந்தால் வயிறு கலங்காமல் தூங்குகிற சுகம் எனக்குப் பிடித்திருக்கிறது.

வீட்டை வாங்கியவர் ஒரு முஸ்லிம் தம்பி. "அந்த வசனக் கல்லை உடைக்காம எடுத்துத் தரச் சொல்றேன் அக்கா" என்று கொத்தனாரை வைத்து எடுத்துக் கொடுத்தார். ஒரு மூலை மட்டும் பொரிந்திருக்கிறது. வாடகை வீட்டில் பதிக்க இடமில்லை, பின்வாசலில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறோம். போன வருடம் சங்கத்தோடு டோனாவூர் போயிருந்தோம். அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்து 1951-இல் இறந்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் கல்லறையில் பெயர் பொறித்த கல்லறைக் கல் இல்லை. அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், அவர் வளர்த்த பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்திருக்கிறார்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் இந்த மண்ணில் இருந்து இத்தனை பிள்ளைகளை வளர்த்தவர் தன் பெயரைப் பற்றி அவ்வளவு லேசாக இருந்திருக்கிறார் என்று நான் அங்கே வெகுநேரம் நின்றேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். தெரிந்தவர்கள் வீட்டுப் பிரதிஷ்டைக்குப் போனால் இன்னும் நெஞ்சு ஒரு நொடி இறுகும். வறுமையைப் புகழவும் எனக்கு மனமில்லை, பணமில்லாமல் அலைந்தவளுக்கு அதன் அருமை தெரியும். தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக, என் படியை எனக்கு அளந்து போஷியும் என்று நீதிமொழிகளில் ஆகூர் ஜெபித்ததுதான் இப்போது எங்கள் வீட்டு இரவு ஜெபம். விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து கோயிலில் ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகைக்கு, போன முறை எங்கள் வாடகை வீட்டு முருங்கையில் ஒரு கட்டுக் காய் கொண்டுபோனோம். முன்பெல்லாம் அவர் விடுமுறையில் இருந்தால் ஒரு வாழைத்தாரை ஆயிரக்கணக்கில் ஏலம் எடுத்துத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார். இந்த முறை எங்கள் முருங்கைக்காயை யாரோ 300 ரூபாய்க்கு எடுத்தார்கள். என் மகன் கை தட்டினான், நானும் தட்டினேன். அந்தப் பண்டிகை ஆராதனையில் நான் மறுபடியும் எழுந்து சாட்சி சொன்னேன். வீட்டை விற்றோம், கடன் தீர்ந்தது, கர்த்தர் எங்களை விட்டு விலகவில்லை என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஆராதனை முடிந்து என்னைவிட இளைய ஒரு பெண் காத்திருந்து, "அக்கா, எனக்கும் ஒரு நோட்டீஸ் வந்திருக்கு" என்றாள். யாரிடமும் அவள் அதுவரை சொல்லவில்லையாம்.

அதிலிருந்து எங்கள் சங்கத்தில் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். துக்க வீட்டில் ஆறுதல் ஜெபம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, நானும் ஓய்வுபெற்ற ஒரு வங்கி ஊழியர் அக்காவும் ஒரு வெற்று ஃபைலோடு போகிறோம். இறப்புச் சான்றிதழ் பல நகல், வாரிசுச் சான்றிதழ் மனு, வங்கி அறிக்கை, காப்பீடு, அடகுச் சீட்டு, சிம் கார்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எடுத்து வைக்கிறோம். மைனர் பிள்ளை இருந்தால் வக்கீல் அண்ணனின் எண்ணையும் அதில் எழுதிவிடுகிறோம். கடைசியில்தான் ஜெபம் பண்ணுகிறோம், அதற்குள் பெரும்பாலும் அந்தப் பெண்ணே தேநீர் போட எழுந்துவிடுகிறாள்.